அடுக்குப் பார்க்காமல் அரங்கேற்ற வேண்டாம்: கிழக்கில் குற்றப்படம் எடுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கைக்காசு போட்டுக் குற்றப்படம் எடுக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

படம் முடிந்து லைற் போட்டதும் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிரதம அதிதி மேடைக்கு ஏறுவார், பொன்னாடை போர்த்துவார்கள், ஆறேழு பேர் பேசுவார்கள். எல்லார் வாயிலும் ஒரே சொல்தான்: "நல்ல முயற்சி." வாசலில் கைகொடுக்கும் மாமாவும் அதையே சொல்வார். மனம் நோகாமல் விடைபெற எங்கள் ஊரில் வழங்கும் சொல் அது. அதை மக்கள் கருத்து என்று எடுத்துக்கொண்டு நீங்கள் அடுத்த படத்துக்குப் போகிறீர்கள். மறுகா அந்தப் படத்திலும் அதே மாதிரி விசாரணைக் காட்சியில் வசனம் கேட்காது, அதே மாதிரி இரவுக் காட்சியில் முகம் தெரியாது. படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, மண்டபத் திரையிடல் ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

கருத்துக் கேட்கும் முறையை நாம் வெளியூரில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. எங்கள் கூத்தில் அது இருக்கிறது. சட்டம் கொடுத்து (ஆளுக்குரிய பாட்டையும் வசனத்தையும் கொடுப்பது), பழக்கி, சதங்கை கட்டி, கிழமைக் கூத்து ஆடி, அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்துத்தான் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அரங்கேற்றத்துக்கு விடுவார். அடுக்குப் பார்த்தல் என்றால் கூத்தை முதலில் இருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிப்பது. அந்த நாளில் யாரும் பொன்னாடை கொண்டு வருவதில்லை. உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அந்த நாள் எப்போது? வெட்டித் தொகுத்து முடிந்திருக்க வேண்டும்; இசையும் நிறத்திருத்தமும் முடிவாகியிருக்கக் கூடாது. முடிந்த படத்துக்குக் கருத்துக் கேட்டால், சொல்வது சரியென்று தெரிந்தாலும் கை வைக்க மனமும் வராது, காசும் இருக்காது. ஆனால் வசனத்தை மட்டும் ஓரளவு சுத்தம் செய்து, ஒலி மட்டம் சமப்படுத்திக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பார்த்தவர்கள் கருத்தெழுதும் இருபது தாளிலும் "கேட்கல" என்ற ஒன்றுதான் எழுதப்பட்டிருக்கும், கதையைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காது. படத்தின் மூலையில் நிமிடமும் நொடியும் ஓடும் எண்ணைப் பதித்துக் காட்டுங்கள். பிறகு நடக்கும் வேலை முழுவதும் அந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கும்.

ஆட்கள் 15 முதல் 25 பேர் போதும். நடித்தவர், நடித்தவரின் வீட்டார், பணம் போட்டவர் எவரும் வேண்டாம். உங்களைத் தெரியாதவர்களாக, வயதிலும் ஊரிலும் கலந்தவர்களாக இருக்கட்டும்: களுவாஞ்சிக்குடியில் கடை வைத்திருப்பவர், காத்தான்குடித் தையல்காரர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்பவர், சம்மாந்துறையில் ஏ.எல். முடித்த பிள்ளை, ஒரு தாதி, முடிந்தால் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். மைக்கைக் கையில் கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார்கள். தாளும் பேனையும் கொடுத்தால் பக்கம் நிறைய எழுதுவார்கள். ஆகவே பேசச் சொல்லாமல் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். தாளின் மூலையில் எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம் என்று மட்டும் குறிக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

இயக்குநர் அன்று மண்டபத்துக்குள் இருக்கக் கூடாது. இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. "அது ஏனென்றால்..." என்று நீங்கள் தொடங்கிய நிமிடத்தோடு கருத்துச் சொல்வது நின்றுவிடும். படக்குழுவில் இல்லாத ஒருவர், ஓரத்தில் சபையைப் பார்த்தபடி இருந்து குறிப்பெடுக்கட்டும். எத்தனையாவது நிமிடத்தில் போன் வெளிச்சம் தெரிந்தது, எத்தனை போன், எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னவன்?" என்று கேட்டார்கள், சிரிக்கக் கூடாத எந்த இடத்தில் சிரித்தார்கள். படம் ஓடும்போது முகம் பொய் சொல்லாது. படம் முடிந்த பிறகு வாய் சொல்லும்.

படம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் தாள் கைக்குப் போக வேண்டும். தேநீர் குடித்துவிட்டு எழுதச் சொன்னால் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரே கருத்தை எழுதுவார்கள். "படம் பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆம் என்றுதான் பதில் வரும். யார் யாரைக் கொன்றார், ஏன் கொன்றார் என்று மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள். கொலையாளி யாரென்று முதலில் எந்த இடத்தில் நினைத்தீர்கள், எதை வைத்து நினைத்தீர்கள் என்று கேளுங்கள். வசனம் விளங்காத இடம், எழுந்து போகலாம் போல இருந்த இடம், இது எங்கள் ஊரில் நடக்காது என்று பட்ட இடம் ஆகிய மூன்றும் கட்டாயம். நினைவில் நிற்கும் பாத்திரப் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். "அந்தச் சிவப்புச் சட்டைக்காரன்", "தாடி வச்ச ஆள்" என்று பாதிப்பேர் எழுதியிருந்தால், முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பெயரை எவரும் வாய்விட்டுக் கூப்பிடவில்லை என்று பொருள். ஒரு வசனத்தை டப்பிங்கில் மாற்றினால் சரியாகிவிடும்.

இனித் தாள்களை வாசிக்கும் விதம். வலிக்கிற இடத்தை நோயாளி சரியாகக் காட்டுவார். எண்ணெய் காய்ச்சுவது பரியாரியின் வேலை. "இரண்டாம் பாதி இழுவை, பாட்டு ஒன்று போடுங்க" என்று ஒருவர் எழுதினால் பாட்டை விட்டுவிட்டு இழுவையை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவைக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. காணாமல் போனவர் யார், அவர் போனால் யாருக்கு என்ன இழப்பு என்பது முதல் 20 நிமிடத்தில் பதியாவிட்டால், 60ஆவது நிமிடத்தில் வரும் தேடுதல் எவ்வளவு வேகமாக வெட்டப்பட்டிருந்தாலும் இழுவையாகத்தான் தெரியும். ஒரே நிமிடத்தை மூன்று பேர் தனித்தனியே குறித்திருந்தால் அங்கே கை வையுங்கள். ஒருவர் மட்டும் குறித்தது அவருடைய விருப்பம்.

"நடிப்பு செயற்கையாக இருக்கு." இந்த ஒரு வரியால் எத்தனையோ நல்ல நடிகர்கள் மனம் உடைந்து விலகியிருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் ஒலியைப் பாருங்கள். மடிக்கணினியில் இருந்து சவுண்ட் பெட்டிக்குப் புளூடூத்தில் கொடுத்தால் ஒலி நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பிந்தும். வாயசைவும் சொல்லும் பிரிந்துவிடும். பார்ப்பவருக்கு அது பிந்துகிறது என்று தெரியாது. நடிகர் பொய்யாகப் பேசுகிறார் என்றுதான் படும். கேபிள்தான் போட வேண்டும். டப்பிங் செய்த வசனமும் இதே குற்றச்சாட்டைக் கொண்டு வரும். தெருவில் நிற்கும் ஆளுக்கு மூடிய அறையில் பதிந்த குரலை அப்படியே வைத்தால் குரல் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் நிற்கும். படப்பிடிப்பு நடந்த ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தால் அதைக் குரலுக்கு அடியில் விரித்துச் சேர்க்கலாம். இதை மறக்காத குழு மிகக் குறைவு.

"கேட்கல" என்பதற்குப் பதிவிலேயே காரணம் இருக்கலாம். கமராவின் மேல் பொருத்திய மைக் ஆறடி தள்ளி நின்றால் அறையைத்தான் பதியும். மைக் வாயிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும். பதியும்போது உரத்த சொல் மீற்றரில் கழித்தல் 12 டெசிபலைத் தொடும் அளவில் வையுங்கள். ஒருவர் திடீரெனக் கத்தினாலும் உடையாது. வைகாசி முதல் ஆடி வரை கச்சான் காற்று அடிக்கும் நாளில் வாவிக்கரையில் பதிந்தால் மைக்குக்கு வெறும் பஞ்சு உறை போதாது, மயிர் உறை வேண்டும். மாரியில் இரவுக் காட்சிக்குத் தவளை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு ஒலிபெருக்கி. எல்லாவற்றிலும் மோசமானது மெட்டுப் போட்டபடி தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி. ஒரு விசாரணைக் காட்சியை நாலு கோணத்தில் எடுக்கிறீர்கள், ஒரு கோணத்தில் மட்டும் தூரத்தில் அந்த மெட்டு ஓடுகிறது என்று வையுங்கள். வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் மெட்டு தொடங்கித் தொடங்கி அறுந்து விழும். மென்பொருளால் அதைக் குரலில் இருந்து எப்போதும் சுத்தமாகப் பிரிக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. வண்டி தெரு தாண்டும் வரை நின்று, அந்தக் கோணத்தை மறுபடி எடுங்கள்.

பதிவு நன்றாக இருந்தும் மண்டபத்தில் கேட்காமல் போகலாம். தாளில் வரிசை எழுதச் சொன்னது இதற்காகத்தான். பின் வரிசைக்காரர் மட்டும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தால் குற்றம் மண்டபத்தில். எல்லா வரிசையும் எழுதியிருந்தால் குற்றம் உங்கள் கலவையில். எங்கள் மண்டபங்கள் தகரக் கூரையும் சீமெந்துச் சுவருமாக எதிரொலிப்பவை. சவுண்ட்ஸ்காரர் கல்யாண வீட்டுக்குப் பழகியவர். மிக்சரில் எக்கோவும் பேஸும் ஏற்றியே வைத்திருப்பார். எக்கோவை முற்றாக நிறுத்தச் சொல்லுங்கள், பேஸை இறக்கச் சொல்லுங்கள். வசனத் தடத்தில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை நீங்களே வெட்டிவிடுங்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காமல், இருப்பவர்களின் தலைக்கு மேலே நிற்கும்படி தாங்கியில் உயர்த்தி, மண்டபத்தின் நடுவை நோக்கித் திருப்புங்கள்.

இன்னொரு பிழை இருக்கிறது. அது நடக்கும்போது யாருக்கும் காரணம் விளங்காது. பின்னணி இசை பிரமாதமாகக் கேட்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும், சில வேளை முழுதாகவே மறைந்துவிடும். மடிக்கணினியின் ஸ்டீரியோக் கேபிளை மிக்சரின் ஒற்றை மைக் துளையில் செருகியதால் வரும் வினை அது. அந்தத் துளை இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கும் வசனம் ஒன்றையொன்று அழித்துவிடும். இடம், வலம் என்று பிரியும் கேபிளை இரண்டு துளையில் செருகினால் தீர்ந்தது. "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

திரையரங்கில் காட்டும் வாய்ப்புக் கிடைத்தால் வேறு கவனம். ஸ்டீரியோவை அப்படியே கொடுத்தால் குரல் இரண்டு ஓரப் பெட்டியிலிருந்தும் வரும். ஓர இருக்கைக்காரருக்குக் குரல் திரைக்கு வெளியே நிற்கும். வசனத்தை நடுப் பெட்டிக்குப் பிரித்து, ஆறு தடம் கொண்ட 5.1 ஒலியாகக் கொடுங்கள். வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) எந்த அரங்கிலும் ஓடும். திரையரங்குக் கருவி கேட்கும் டிசிபி கோப்பை இலவச மென்பொருளிலேயே செய்யலாம்.

"இருட்டு, முகம் தெரியல" என்பது குற்றப்படத்துக்கு அதிகம் வாய்க்கும் குறை. கணினித் திரையில் பார்த்து நிறம் திருத்திய இரவுக் காட்சி, பாடசாலை மல்டிமீடியாவில் (புரொஜெக்டரில்) விழும்போது காணாமல் போகும். ஒரு கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்: மல்டிமீடியாவின் ஒளி அளவைச் சொல்லும் லூமன் எண்ணைத் திரையின் சதுர அடியால் வகுத்தால் 14க்குக் குறையக் கூடாது, திரையரங்குக்கு உரிய அளவும் அதுதான். 3000 லூமன் மல்டிமீடியா, 12 அடி அகலத் திரை என்றால் 81 சதுர அடி, 37 வரும். விளக்குப் பழசாகிப் பாதி ஒளிதான் தருகிறது என்றாலும் 18 இருக்கும். அதே மல்டிமீடியாவை 20 அடிக்கு இழுத்தால் 13, பழைய விளக்கென்றால் ஏழுகூட இல்லை. பெரிய திரை வேண்டும் என்ற ஆசையை அடக்கி 12 அடியில் நிறுத்துங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். கசியும் வெளிச்சம் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எச்டிஎம்ஐ இணைப்பில் கணினியும் மல்டிமீடியாவும் வேறு வேறு கறுப்பு-வெள்ளை வீச்சில் நின்றால் நிழல் முழுவதும் கறுத்து அடைத்துவிடும், அல்லது கறுப்பு வெளிறிவிடும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, உங்கள் படத்தின் ஆக இருண்ட காட்சியை முதலில் போட்டுப் பாருங்கள்.

இப்போது கதைக்கு வருவோம். கொலையாளியை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். தடயத்தை வைத்து என்றால் அது உங்களுக்குக் கிடைத்த மரியாதை. தடயத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால் போதும். "அவர் நல்ல நடிகராச்சே, சும்மா ஒரு காட்சிக்கா வந்திருப்பார்?" என்று எழுதியிருந்தால் அது வேறு வியாதி. எங்கள் குழுக்களில் ஊருக்கே தெரிந்த கூத்துக் கலைஞர் ஒருவர் இருப்பார், மற்றவர்கள் புதியவர்கள். அவரை இரண்டு வசனம் பேசும் அயல்வீட்டுக்காரராகப் போட்டால், சபை முதல் காட்சியிலேயே முடிச்சை அவிழ்த்துவிடும். அவரை விசாரிக்கும் பொறுப்பதிகாரியாகவோ, செத்தவரின் தகப்பனாகவோ போடுங்கள்; கொலையாளிக்குப் புதுமுகம் வேண்டும். மாறாக ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் தடயம் காட்டப்படவில்லை என்று பொருள். மேசையில் கிடக்கும் சாவியைப் படத்தொகுப்பில் நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். சபைக்கு ஒரு தடவைதான், அதுவும் அரை நொடி. இரண்டு நொடியாவது தனியாகக் காட்டுங்கள்.

"இது இங்க நடக்காது" என்ற தாள்களை ஆக மரியாதையாக வாசியுங்கள். எங்கள் சனம் பத்திரிகை வாசித்து வளர்ந்த சனம். சடலம் கிடைத்தால் நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்வையிடுவதும், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வதும் எல்லாருக்கும் மனப்பாடம். உங்கள் படத்திலோ "கமிஷனர்" வருகிறார், "எஃப்ஐஆர் போடு" என்கிறார். இங்கே கமிஷனர் இல்லை. பொலிஸ் மா அதிபர் இருக்கிறார், அத்தியட்சகர் இருக்கிறார், நிலையத்துக்குப் பொறுப்பதிகாரி இருக்கிறார். பொலிஸார் நீதவானிடம் கொண்டு போவது பி அறிக்கை என்ற விசாரணை அறிக்கை. கைது செய்தவரை, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. உச்சக்கட்டத்தில் நாயகன் அடித்துக் கேட்க, கொலையாளி பொலிஸ் அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அதோடு வழக்கு முடிவதாகக் காட்டுகிறீர்கள். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாக நிறுவ முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தடுக்கிறது. இதைத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால், உங்கள் முடிவு அவருக்கு முடிவே அல்ல. தூக்கில் போடுவதாக முடிக்கும் படங்களும் உண்டு. இந்த நாட்டில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. மரபணுப் பரிசோதனை முடிவு அன்று பின்னேரமே கைக்கு வருவதும் அப்படித்தான். இந்தத் தடைகளை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். ஒப்புதல் செல்லாது, 24 மணி நேரம்தான் கையில் என்பதைவிடப் பதற்றமான கதை முடிச்சு வேறென்ன வேண்டும்?

மண்ணின் பிழைகளும் சபையின் கண்ணுக்குத் தப்பாது. கல்லடிப் பாலத்தில் துரத்தத் தொடங்கியவன் அடுத்த வெட்டில் பாசிக்குடாக் கரையில் ஓடினால் சிரிப்பு வரும். கடலுக்குள் சூரியன் மறையும் காட்சி வைத்திருந்தால் இன்னும் பெரிய சிரிப்பு. எங்களுக்குச் சூரியன் கடலில் எழும்பி வாவிக்கு அப்பால் படும். எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்ததே அதனால்தான். பேச்சும் அப்படித்தான். ஏறாவூர் வாப்பா ஒருவர் சென்னைத் தமிழில் மகனைக் கண்டித்தால், அந்தப் பாத்திரம் அன்றோடு செத்துவிடும். வசனத்தை எழுதியவரே திருத்தாமல், அந்தந்த ஊர் ஆளிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் வாயில் வருகிற மாதிரி மாற்றுங்கள். நிலையத்தில் சிங்களம் பேசும் இடத்துக்குத் தமிழ் எழுத்துப் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் சில மென்பொருளில் கொம்பும் எழுத்தும் பிரிந்து இடம் மாறிவிழும். ஒவ்வொரு வரியையும் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுங்கள்.

ஒன்றை மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டும். ஆள் கடத்தல், வாகனம், கண்கட்டு, சோதனைச்சாவடி எல்லாம் வெளியூர்ப் படங்களில் வெறும் பரபரப்பு. இந்த இரண்டு மாவட்டத்திலும் இன்னும் பிள்ளையைத் தேடும் தாய்மார் இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டில் வீட்டார் போனவர்கள் மட்டக்களப்பு நகரிலேயே இருக்கிறார்கள். இடைநடுவில் ஒருவர் எழுந்து போனால் படம் அலுத்ததால் போகிறார் என்று குறிக்காதீர்கள். குறிப்பெடுப்பவர் அந்த நிமிடத்தை எழுதட்டும், வாசலில் ஒரு பெண் நின்று தண்ணீர் கொடுக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம். அழைப்பிதழிலேயே படத்தில் கடத்தலும் சித்திரவதையும் வருகின்றன என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பெண் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வியையும் மனதில் வையுங்கள்: கதை தொடங்க ஒவ்வொரு படத்திலும் ஒரு பெண் பிள்ளை ஏன் சாக வேண்டும்?

திருத்திய பிறகு மறுபடி காட்டுங்கள், ஆனால் பழைய ஆட்களுக்கு அல்ல. அவர்களுக்கு முடிவு தெரியும். தெளிவில்லாத இடமும் அவர்களுக்குத் தெளிவாகவே படும். புதிதாக 15 பேரை அழையுங்கள், அதே கேள்விகளைக் கொடுங்கள், முதல் தாளையும் இரண்டாம் தாளையும் நிமிடம் நிமிடமாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு எட்டுப் பேர் குறித்த இடத்தை இப்போது ஒருவர்தான் குறித்திருக்கிறார் என்றால் இசைக்காரரைக் கூப்பிடலாம். நாளைத் தெரிவுசெய்யும்போது கார்த்திகை, மார்கழியைத் தவிருங்கள். தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்தப் பெட்டியாலும் ஈடுகொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்குப் பிறகு வையுங்கள். நோன்பு மாதத்திலும் கோயில் சடங்கு நாளிலும் வேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டரை மண்டபத்துக்குப் பின்னால் நூறடி தள்ளி வையுங்கள், நீளமான வயரை முதல் நாளே கொண்டு வந்து இழுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலும் கல்முனையிலும் படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, திரையிடல் வேலை செய்வோர் சிலர்